ரோஸ் நிறக் குதிரை

எங்கள் பல் மருத்துவமனையில் வாயைத் திறக்காத ஒரே ஆள், பல் செட் செய்கிற சார்தான். வருகிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு கிடப்பார்கள். டாக்டரம்மா கையில் ஊசியோடு ஊர்க்கதை பேசுவார். முன்னால் மேஜை போட்டு உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிற நான், டாக்டரம்மாவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவேன். பின்னறையில் மட்டும் மோட்டார் உராயும் சத்தம் கேட்கும். சாரின் சத்தம் கேட்காது.

மெலிந்த மனிதர். புருவத்தில் எப்போதும், பல் அச்சு வார்க்கிற வெள்ளை மாவு படிந்திருக்கும். நோயாளியின் முகத்தை அவர் பார்ப்பதேயில்லை. டாக்டரம்மா எடுத்து அனுப்புகிற அச்சுதான் அவருக்கு ஆள். தெருவில் யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தால் ஆளை அடையாளம் தெரியாது, பல்லுக்குத்தான் வணக்கம் வைப்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டேன் ஒருநாள். “சொல்லலாம்னு இருந்தேன்மா. அதுக்குள்ள அவங்களுக்கு வேற இடத்துல முடிஞ்சிடுச்சு” என்றார். சொல்லவே இல்லையா என்றதற்கு, “சரியான நேரம் பாத்துட்டிருந்தேன்” என்று பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்கு டீ கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட கல்லுளிமங்கனுக்கு ஆன்லைன் ஏலம் கிடைத்தால் என்ன ஆகும்? பாலில் விழுந்த சர்க்கரை மாதிரி கரைந்துபோனார்.

முதலில் தொழிலுக்காகத்தான் ஆரம்பித்தார். எங்கோ மூடிப்போன கிளினிக்கின் உராய்கிற மோட்டார், பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு என்று பழைய சாமான்களை அந்த ஆப்பில் அடிமாட்டு விலைக்கு எடுத்தார். அவர் எடுக்கிற விதம் இருக்கிறதே, அதைச் சொல்லியாக வேண்டும்.

பிடித்த பொருளைப் பார்த்ததும் நாமாக இருந்தால் உடனே ஒரு தொகையைப் போடுவோம். அவர் மாட்டார். பக்கத்தில் இதயப் படம் இருக்குமே, அதைக்கூடத் தொட மாட்டார். “இதயத்தைத் தொட்டா எத்தனை பேருக்கு ஆசைன்னு கீழ எண்ணிக்கை காட்டும்மா. ஆசையைக் காட்டினா விலை ஏறிடும்.” எவ்வளவு வரைக்கும் போகலாம் என்பதைக் காலையில் காபி குடிப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுவார். அதற்குப் பிறகு புத்தி மாறுமாம். போடுகிற தொகை ஒருபோதும் முழுத் தொகையாக இருக்காது, வாலில் சில்லறை தொங்கும். எல்லாரும் நூறிலும் ஐம்பதிலும் வந்து நிற்கும்போது, இவர் அந்தச் சில்லறையில் தாண்டிப் போய்விடுவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிகிற ஏலமாகப் பார்த்துத்தான் பிடிப்பார். மாவு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, தொகையை அடித்து வைத்துவிட்டு, விரலைத் தூக்கியபடி உட்கார்ந்திருப்பார். ஏலம் முடிய மூன்று நொடி இருக்கும்போது ஒரு தட்டு. அவ்வளவுதான். எதிராளி சுதாரிப்பதற்குள் கடையை மூடியிருப்பார்கள்.

தட்டியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஜெயித்தாரா தோற்றாரா என்று பார்ப்பதில்லை. கையில் இருக்கிற பல் செட்டை மெருகேற்றி முடித்து, கை கழுவி, துடைத்துவிட்டுத்தான் திருப்புவார். “இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்லையேம்மா. பாத்துட்டே இருந்தா மட்டும் மாறவா போகுது?” பார்சல் கொண்டுவருகிறவர் அவருக்குக் கடைசி நொடி சார் என்று பேர் வைத்தார். பார்சல்களை வாங்கி வைக்கிற வேலை என்னுடையது.

மதிய நேரத்தில் முன்பெல்லாம் ஏலம் இருக்காது. ஒரு போன் வரும். சாருக்குக் கைநிறைய மாவு என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எனக்குத் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்கும்.

“என்னடா, யோசிச்சுட்டியா?”

“இன்னும் இல்லண்ணே.”

“சரி, யோசி. அண்ணிக்கு உன்கூட ஏதோ பேசணுமாம், இரு.”

அண்ணனும் தம்பியும் செஸ் விளையாடினார்கள், இரண்டு ஊரில் இருந்துகொண்டு. போர்டு அண்ணன் வீட்டு ஜன்னலோரம் இருந்தது. சாரிடம் போர்டு கிடையாது. பின்னறை ஜன்னல் திட்டில் ஒரு அட்டையில் கட்டம் போட்டு, மீந்துபோன பொய்ப்பற்களைக் காய்களாக நிறுத்தியிருந்தார். முன்பல்லெல்லாம் சிப்பாய். கோரைப்பல் குதிரை. கடைவாய்ப்பல் ராஜா. புதிதாக வேலைக்கு வந்த நாளில் நான் அதைக் குப்பையென்று நினைத்துத் துடைப்பத்தை எடுத்தேன். அந்த மனிதர் கத்தி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பிறகு ஒருநாள் போன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்து அண்ணியிடமிருந்து வந்தது. அண்ணனுக்கு முடியவில்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கிளம்பி வாருங்கள் என்றார். சார் போனார். அதற்குள் அண்ணன் போய்விட்டார், பேசக் கிடைக்கவில்லை. துக்கத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவில் அண்ணி அவரைப் பார்த்துச் சொன்னாராம்: “எல்லாத்துக்கும் கடைசியில வந்து நிப்பீங்களே தம்பி, இதுக்கும் அப்படித்தானா?”

தவித்துப்போனவர் ஏதோ வாயில் வந்ததைச் சொன்னார் என்று விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. அந்த வீட்டுக்குப் போன் பண்ணுவதையும் விட்டார், போவதையும் விட்டார். மதிய நேரம் சும்மா கிடந்தது. அந்த இடத்தில்தான் ஏலம் வந்து உட்கார்ந்தது.

அப்புறம் பார்சல் வந்து குவிந்தது பாருங்கள். தொலைநோக்கி. மழைமானி. யாரோ ஒருவருடைய ஓட்டப்பந்தயக் கோப்பை. சாருக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? அவர் காய்ச்சலில் படுத்தபோது மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்க அவர் அறைக்குப் போனேன். ஒற்றை அறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு தட்டு. மற்ற இடமெல்லாம் பார்சல். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. எனக்கு உட்கார நாற்காலிக்குப் பதிலாக ஒரு பெட்டியைத்தான் நகர்த்திப் போட்டார்.

“பிரிச்சுக்கூடப் பாக்கலையா சார்? அப்புறம் எதுக்கு வாங்குறீங்க?”

போர்வைக்குள்ளிருந்து சொன்னார்: “அந்தக் கடைசி நேரத்துல மட்டும், எதிர்ல யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும்மா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. எதிரில் நான் உட்கார்ந்திருக்கிறேனே, உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்க நினைத்தேன். காய்ச்சல்காரரிடம் என்ன சண்டை என்று வந்துவிட்டேன்.

இதெல்லாம் நடந்து சில மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் சார் என் மேஜைக்கு வந்து நின்றார். தானாக வந்து நின்றார். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். ஆப்பில் ஒரு செஸ் போர்டு. படத்துக்குக் கீழே ‘பழையது. ஒரு குதிரை மட்டும் வேறு நிறம்’ என்று எழுதியிருந்தது. கறுப்புக் காய்களுக்கு நடுவில் ரோஸ் நிறத்தில் ஒரு குதிரை நின்றது. ஈறு இருக்குமே, அந்த ரோஸ்.

“நான் செஞ்சதும்மா அது” என்றார். “தொழில் கத்துக்கிட்டிருந்தப்ப. கறுப்புக் குதிரை ஒண்ணு சாக்கடையில விழுந்துடுச்சு. இன்னொரு குதிரையை வச்சு அச்சு எடுத்து, பல் செட்டுல ஈறு செய்ய ஊத்துறதையே ஊத்திட்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரிச்சாரு. உன் குதிரை பல்லு இல்லாம ஈறைக் காட்டுதுடான்னு.”

அண்ணி வீட்டைக் காலி செய்துவிட்டு மகள் வீட்டோடு போகிறார் என்று உறவில் யாரோ சொல்லியிருந்தார்கள். சாமான்களை மகள் ஆப்பில் போட்டு விற்றுக்கொண்டிருக்கிறாள் போல. அவளுக்குச் சித்தப்பா இதே ஆப்பில்தான் குடியிருக்கிறார் என்பது தெரியாது.

“படத்தை நல்லாப் பாரும்மா.”

பார்த்தேன். காய்கள் பெட்டியில் இல்லை, வரிசையாகவும் இல்லை. போர்டு மேல் அங்கங்கே, பாதி ஆட்டத்தில் நின்றன. சார் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய் ஜன்னல் திட்டைக் காட்டினார். பல்லுக்குப் பல் அதே இடம்.

“அண்ணி கலைக்கவே இல்ல” என்றார். “என் முறைம்மா இது. அண்ணன் நகர்த்திட்டாரு. நான்தான் நகர்த்தணும்.”

“அப்பவே நகர்த்தியிருக்கலாம்ல? தினமும் போன் பண்ணிக் கேட்டாரே மனுஷன்! அவ்வளவு கஷ்டமான ஆட்டமா?”

“கஷ்டமே இல்ல. இந்தக் குதிரையை ஒரு தடவை நகர்த்தினா செக்மேட். அண்ணன் நகர்த்தின அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

சார் ஒரு முன்பல்லை நேராக நிறுத்தினார். “சொன்னா ஆட்டம் முடிஞ்சிடும். முடிஞ்சா மறுநாள் எதுக்குக் கூப்பிடுவாரு?”

எனக்கு வாயடைத்துப்போயிற்று. என் வாயை அடைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

சுதாரித்துக்கொண்டு, அண்ணிக்கு ஒரு போன் போடுங்கள், எனக்கு வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், விற்பதை நிறுத்திவிட்டு அப்படியே கொடுத்துவிடுவார்கள் என்றேன். தலையை ஆட்டினார், மாட்டேன் என்று. “கொடுப்பாங்கம்மா. கேக்கத்தான் முகம் இல்ல.” ஏலத்திலேயே எடுத்துக்கொள்கிறேன், வேறு நிறக் குதிரை இருக்கிற போர்டை யார் கேட்கப்போகிறார்கள், எடுத்தது யாரென்று அண்ணிக்குத் தெரியவும் வேண்டாம் என்றார். பார்சல் கிளினிக் முகவரிக்கு, டோக்கன் கொடுக்கிற என் பேருக்குத்தானே வரும். எல்லாம் கணக்காக யோசித்து வைத்திருந்தார். யோசிப்பதில் குறையே சொல்ல முடியாது.

யாரும் கேட்கமாட்டார்கள் என்றது மட்டும் பொய்த்தது. ஏலம் முடிகிற நாளன்று காலையில் ஒருவர் தொகை போட்டிருந்தார். பேரெல்லாம் கிடையாது, இரண்டு எழுத்தும் நாலு புள்ளியும். அந்த ரோஸ் குதிரை அவருக்கும் பிடித்துப் போயிருக்கலாம், யார் கண்டது. சார் அன்றைக்குக் காபியே குடிக்கவில்லை.

“பெரிய தொகையா அடிச்சு விடுங்க சார். அந்த ஆள் தலைகீழா நின்னாலும் எட்டாத மாதிரி.”

“பெரிய தொகை போட்டா ஆசை தெரிஞ்சிடும்மா.”

“தெரியட்டுமே! ஆசைதானே? கொலையா பண்ணினீங்க?”

பழக்கம் என்பது அப்படித்தான். உயிரே போகிற காரியத்திலும் அவர் விரல் வழக்கமான தொகையைத்தான் அடித்தது, எதிராளியைவிடக் கொஞ்சம் கூடுதலாக, வாலில் சில்லறையோடு. போன் மாவு டப்பாவில் சாய்ந்திருந்தது. விரல் மேலே நின்றது. நான் டோக்கன் மேஜையை விட்டுவிட்டு வாசலில் நின்று பார்த்தேன். மூன்று நொடி. தட்டினார். போனைக் கவிழ்த்தார். ஒரு மேல்தாடை செட்டை எடுத்து மெருகேற்ற ஆரம்பித்தார்.

அந்த ஆப்பில் விதிமுறை மாறியிருந்தது. கடைசி நிமிடத்தில் யாராவது தொகை போட்டால், ஏலம் முடியாமல் இன்னும் சில நிமிடம் நீளும். இவரைப் போன்றவர்களுக்காகவே கொண்டுவந்த விதி. திறந்தவுடன் நீளமாக ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது, சார் ‘சரி’ என்று தட்டிவிட்டுப் போயிருக்கிறார். அதையெல்லாம் யார்தான் படிக்கிறோம்? நானும் தட்டிவிட்டுத்தான் போயிருப்பேன். ஆனால் வேறு யாராக இருந்தாலும், தட்டிய பிறகு போனைப் பார்த்துக்கொண்டாவது இருந்திருப்பார்கள். நேரம் நீளுவது தெரிந்திருக்கும். எதிராளி ஏற்றினால் இவரும் ஏற்றியிருக்கலாம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருக்க இவரால்தான் முடியும். முன்னால் ஒரு குழந்தை ஊசியைப் பார்த்து அலறியதில் நானும் ஓடிப்போயிருந்தேன்.

திரும்பி வந்தபோது கை கழுவி, துடைத்து, போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு எழுத்தும் நாலு புள்ளியும் கொஞ்சூண்டு கூடப் போட்டு எடுத்துவிட்டிருந்தது. சார் போனை மறுபடி மாவு டப்பாவில் சாய்த்தார். கரைத்து வைத்த மாவு இறுகிவிடுமே என்று அச்சில் ஊற்ற ஆரம்பித்தார். பாதியில் நின்றார்.

“இப்ப பெட்டிக்குள்ள போட்டுக் கலைச்சிடுவாங்கம்மா” என்றார்.

நான் அவர் போனைப் பார்த்தேன்.

“கை எல்லாம் மாவா இருக்கு. நீயே போடு. அண்ணின்னு இருக்கும் பாரு.”

போட்டேன். ஸ்பீக்கரில் மணி அடித்தது. எடுக்கமாட்டார்களோ என்று நினைக்கும்போது எடுத்தார்கள்.

“சொல்லுங்க தம்பி.”

இத்தனை மாதம் கழித்தும், நேற்றுத்தான் பேசியதுபோல் ஒரு ‘சொல்லுங்க தம்பி.’ சார் கையில் ஒட்டிய மாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முதுகில் லேசாகக் குத்தினேன்.

“அண்ணி, அந்தச் செஸ் போர்டு…”

“அதுவா. இப்பத்தான் வித்துப்போச்சாம், பொண்ணு சொன்னா. நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போவாங்க.” ஒரு மூச்சு விட்டார். “உங்களுக்குன்னுதான் தம்பி வச்சிருந்தேன். சுத்தித் தூசி தட்டுவேன், காயைத் தொட மாட்டேன். அவர் சொல்லிட்டுப் போயிட்டாரே, அவன் இன்னும் நகர்த்தல, தொட்டுடாதேன்னு. நீங்க ஒரு போன் பண்ணிக் கேப்பீங்கன்னு பாத்தேன். வீடு காலி பண்ற வரைக்கும் பாத்தேன்.”

“கேக்க முகம் இல்ல அண்ணி.”

“நான் அன்னிக்கு ஏதோ சொல்லிட்டேன்.”

“நெஜத்தைத்தானே சொன்னீங்க.”

அண்ணிக்குப் பின்னால் சாமான் கட்டுகிற டேப் கிழிகிற சத்தம் கேட்டது.

“வேணும்னா இப்பச் சொல்லுங்க தம்பி. குடுக்க முடியாதுன்னு அவங்ககிட்டச் சொல்லிடச் சொல்றேன்.”

சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று நான் கையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“வேண்டாம் அண்ணி. ஜெயிச்சவங்க ஜெயிச்சவங்கதான். அவங்களே வச்சுக்கட்டும்.” உதட்டை நனைத்துக்கொண்டார். “பெட்டியில போடறதுக்கு முன்னாடி ஒரு காயை மட்டும் நகர்த்தணும். நகர்த்துவீங்களா?”

“எனக்கு இந்த ஆட்டமெல்லாம் தெரியாதே.”

“ரோஸ் குதிரை இருக்குல்ல.”

“இருக்கு. கையில எடுத்துட்டேன்.”

“அண்ணன் உக்கார்ற நாற்காலி பக்கமா ரெண்டு கட்டம். அப்புறம் ஜன்னல் பக்கம் ஒரு கட்டம். அங்க வேற காய் இருக்கா?”

“இல்ல, காலியாத்தான் இருக்கு.”

“அங்க வச்சிடுங்க.”

மரத்தின் மேல் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம். போனில் கேட்டது. சார் மாவுக் கையோடு திட்டிலிருந்த கோரைப்பல்லை எடுத்து, அதே மாதிரி இரண்டு கட்டம் தள்ளி, பக்கத்தில் ஒன்று நகர்த்தி வைத்தார். அண்ணனின் கடைவாய்ப்பல் ராஜாவைச் சுற்றி எந்தப் பக்கமும் வழியில்லை என்பது, ஆட்டம் தெரியாத எனக்குமே தெரிந்தது.

“வச்சிட்டேன் தம்பி” என்றார் அண்ணி. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: “இப்ப அவர் முறையா?”

சார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஆமா அண்ணி” என்றார். “அண்ணன் யோசிக்கட்டும்.”